குளக்கட்டில் தொடங்கும் கட்சி

(கிளிநொச்சியில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



எனக்குத் தரப்பட்ட பொருள் ஐரோப்பாவின் பசுமைக் கட்சி. அழைப்பிதழைப் பார்த்த எங்கள் அயலவர் ஒருவர் படலையடியில் என்னை மறித்துக் கேட்டார்: "தம்பி, நெல்லுக்கு விலையில்லை. யானை வந்து வாழையை முறிக்குது. ஜேர்மன்காரன்ரை கட்சி எங்களுக்கு என்னத்துக்கு?" அந்த இடத்தில் எனக்குப் பதில் வரவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இரண்டு மாதமாக யோசித்து எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். அவரும் இந்த மண்டபத்தில் இருக்கிறார்.

அப்பாவின் கொப்பி

எங்கள் அப்பா வட்டவிதானையாக இருந்தவர். வாய்க்கால் ஓரமாகச் சைக்கிளில் போய், எந்த வயலுக்கு எந்த நாள் தண்ணீர் திறந்தது, எத்தனை மணிக்கு மறித்தது என்று ஒரு கொப்பியில் எழுதிவைப்பார். சிறுபோகத்துக்கு முன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு என்னையும் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு போவார். நீர்ப்பாசனப் பொறியியலாளர் எழுந்து குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பார். அந்தத் தண்ணீருக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்ற கணக்கு அதற்குப் பின் வரும். பிறகு சண்டை. கடைவாய்க்கால்காரர் தலைவாய்க்கால்காரரைக் குற்றம் சொல்வார். போன வருடம் விதைக்காமல் விட்டவர் இந்த வருடம் தன் பங்கைக் கேட்பார். வெயில் ஏறும்போது குரல்கள் இறங்கும். கடைசியில் ஒரு முடிவு எழுதப்படும். அந்த முடிவில் எவருக்கும் முழுத் திருப்தி இராது; ஆனால் அது தாங்கள் எடுத்த முடிவு என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஒரு குளம் வற்றுகிறது, அதை எப்படிப் பங்கிடுவது, யார் விட்டுக்கொடுப்பது, இதைத் தீர்மானிக்க யார் அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும்? பசுமை அரசியல் என்று உலகம் இன்று சொல்வதன் கரு இந்தக் கேள்விகளுக்குள் இருக்கிறது என்பதைப் பின்னாளில்தான் விளங்கிக்கொண்டேன். நான் இன்று சொல்ல வந்ததும் இந்த ஒன்றுதான். மரம் நடுவது நல்ல காரியம், ஆனால் அதனால் மட்டும் ஒரு பசுமைக் கட்சி பிறந்துவிடாது. தன் நிலத்தையும் நீரையும் பற்றி எங்கோ முடிவெடுக்கப்பட்டுவிட்டது என்று அறிந்த ஊர், முடிவெடுக்கும் இடத்தில் தனக்கும் ஓர் இருக்கை வேண்டும் என்று கேட்கும்போதுதான் அது பிறக்கிறது.

திராட்சைத் தோட்டக்காரர்கள்

ஜேர்மனியின் தென்மேற்கு மூலையில், ரைன் நதிக்கரையில் வீல் என்று ஒரு சிறிய ஊர். பக்கத்தில் கைசர்ஸ்டூல் என்ற குன்றுத் தொடர். அதன் சரிவெங்கும் திராட்சைத் தோட்டங்கள். 1970களின் நடுப்பகுதியில் அங்கே அணுமின் நிலையம் ஒன்றைக் கட்ட மாநில அரசு முனைந்தது. அந்தத் தோட்டக்காரர்கள் கதிர்வீச்சைப் பற்றிய பயத்தோடு இன்னொன்றையும் கேட்டார்கள். குளிர்விக்கும் கோபுரங்களிலிருந்து எழும் நீராவி மேகமாகத் திரண்டு வெயிலை மறைத்தால் எங்கள் பழம் எப்படிப் பழுக்கும்? இது ஒரு கமக்காரனின் கேள்வி. இதை இந்த மண்டபத்தில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

வீல் ஊரிலும் ஒரே குரல் இருக்கவில்லை. 1975 ஜனவரியில் நடந்த வாக்கெடுப்பில், மின் நிலையத்துக்குக் காணியை விற்கலாம் என்று 55 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். வேலை வரும், வரிப்பணம் வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. சுற்றியிருந்த ஊர்களோ எதிர்த்தன. பெப்ரவரியில் வேலை தொடங்கியதும் மறுநாளே மக்கள் அந்த இடத்தில் போய் அமர்ந்தார்கள். பொலிசார் தண்ணீர் பீய்ச்சி அவர்களை வெளியேற்றினார்கள். அடுத்த ஞாயிறு, பெப்ரவரி 23, ஏறத்தாழ 28,000 பேர் திரண்டு வேலியைத் தாண்டி அந்தக் காட்டுக்குள் போனார்கள். உழவு இயந்திரங்களில் வந்தவர்கள் இருந்தார்கள். பேரப்பிள்ளைகளோடு வந்த பாட்டிமார் இருந்தார்கள். மாதக்கணக்கில் அங்கேயே இருந்தார்கள். மார்ச் மாதம் நீதிமன்றம் வேலையை நிறுத்தியது. அந்த மின் நிலையம் கடைசிவரை கட்டப்படவேயில்லை. இன்று அந்த இடம் பாதுகாக்கப்பட்ட காடு.

இந்தக் கதையில் எனக்கு மிக நெருக்கமான பகுதிகள் இரண்டு. ஒன்று, அந்தக் காட்டுக்குள் அவர்கள் ஒரு மக்கள் கல்விக்கூடத்தை நடத்தினார்கள். பலகையால் கட்டிய வீட்டில், அணு எப்படிப் பிளக்கிறது, சட்டம் என்ன சொல்கிறது, வேறு வழியில் மின்சாரம் எடுக்க முடியுமா என்று விஞ்ஞானிகள் வந்து சொல்ல, கமக்காரர்கள் கேள்வி கேட்டார்கள். மற்றது, நதிக்கு அக்கரையில் உள்ள பிரான்சின் மார்க்கோல்ஸ்ஹைம் என்ற ஊரில் அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான் ஈய இரசாயனத் தொழிற்சாலை ஒன்றுக்கு எதிரான முற்றுகை தொடங்கியிருந்தது. அதில் இருகரை மக்களும் சேர்ந்தே இருந்தார்கள். அந்த நதி பல போர்களில் போர்முனையாக இருந்தது. பெற்றோர் காலத்தில் ஒருவரையொருவர் சுட்டவர்களின் பிள்ளைகள், தாங்கள் பகிர்ந்த கிராமியப் பேச்சுமொழியில் சேர்ந்து பாட்டுக் கட்டினார்கள். அந்தத் தொழிற்சாலையும் வரவில்லை.

நான்கு தூண்கள்

இப்படிப் பல ஊர்களில் எழுந்த மக்கள் முயற்சிகள்தான் 1980 ஜனவரி 13 அன்று கார்ல்ஸ்ரூ நகரில் கூடி, பசுமைக் கட்சி என்ற ஒன்றாயின. உலகில் அதுவே முதற்கட்சி அன்று. 1972இலேயே அவுஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில், பெடர் ஏரியை அணைக்கட்டு மூழ்கடிப்பதை எதிர்த்தவர்கள் ஓர் அரசியல் அமைப்பாகத் தேர்தலில் நின்றார்கள். நியூசிலாந்திலும் பிரித்தானியாவிலும் அதே காலத்தில் கட்சிகள் முளைத்தன. ஆனால் வேர் பிடித்து ஆட்சி வரை வளர்ந்ததில் முன்னின்றது ஜேர்மன் கட்சி.

ஆரம்பத்தில் அங்கே ஒன்றுகூடியவர்களைப் பார்த்தால், இவர்கள் எப்படி ஒரே கட்சி என்று தோன்றும். பழமைபேண் கட்சியை விட்டு வந்த ஹெர்பர்ட் குரூல் இருந்தார். ஜோசப் போய்ஸ் என்ற கலைஞர் இருந்தார். மாணவர் போராட்டங்களிலிருந்து வந்த இடதுசாரிகள் இருந்தார்கள். அமைதி இயக்கத்திலிருந்து வந்த பெட்ரா கெல்லி இருந்தார். அவர்கள் நான்கு தூண்களை நட்டார்கள்: சூழலியல், சமூக நீதி, அடிமட்ட ஜனநாயகம், வன்முறையின்மை. இந்த நான்கையும் பிரித்துப் பார்க்கக்கூடாது என்பதே அவர்களின் கண்டுபிடிப்பு. காட்டைக் காக்கிறேன் என்று ஏழையை விரட்டினால் அது பசுமை இல்லை. ஏழைக்கு உதவுகிறேன் என்று அவனைக் கேளாமல் முடிவெடுத்தால் அதுவும் இல்லை.

1980 பொதுத்தேர்தலில் கிடைத்தது 1.5 சதவீதம். 1983இல் 5.6 சதவீதம். ஜேர்மனியில் 5 சதவீத வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் விகிதாசாரப்படி ஆசனம் உண்டு. அந்த மார்ச் மாதம் அவர்கள் அமிலமழையால் பட்டுப்போன மரக்கிளைகளைக் கையில் ஏந்திக்கொண்டு பாராளுமன்றத்துக்குள் நுழைந்தார்கள். ஒருவரே ஆசனத்தில் ஒட்டிக்கொண்டிராதபடி, பாதித் தவணையில் இன்னொருவருக்கு இடம்விடும் சுழற்சி முறையை வைத்தார்கள். கட்சிப் பதவிகளிலும் வேட்பாளர் பட்டியலிலும் குறைந்தது பாதி பெண்களுக்கு என்ற விதியை 1986இல் எழுதினார்கள்.

நம்முடைய நாட்டிலும் விகிதாசாரத் தேர்தல்தான், மாவட்ட மட்டத்தில் வெட்டுப்புள்ளியும் 5 சதவீதம்தான். ஆக, கதவு அங்கும் இங்கும் ஏறத்தாழ ஒரே அகலம். ஆனால் வன்னியின் வீடு இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது வவுனியா, முல்லைத்தீவு, மன்னார். கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு சேர்ந்தது. கனகராயன் ஆறு வவுனியாப் பக்கத்தில் பிறந்து, முல்லைத்தீவு வழியாக வந்து, இரணைமடுவில் தங்கி, சுண்டிக்குளத்தில் கடலோடு சேர்கிறது. அந்த ஆற்றின் தலைமாட்டில் இருப்பவரும் கால்மாட்டில் இருப்பவரும் வெவ்வேறு தேர்தல் மாவட்டத்தில் வாக்களிக்கிறார்கள். ஓர் ஆற்றுக்கு ஒரு பிரதிநிதி இல்லாத நிலத்தில் ஆற்றைப் பற்றி யார் பேசுவது?

காலநிலை பேசித் தோற்ற தேர்தல்

1990ஆம் ஆண்டை நம்மவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். பேர்லின் சுவர் விழுந்து, பிரிந்த இரண்டு ஜேர்மனிகளும் ஒன்றாகிக்கொண்டிருந்த நேரம். குடும்பங்கள் கூடுகின்றன, நாணயம் மாறுகிறது, கிழக்கில் ஆலைகள் மூடப்படுகின்றன. அந்தத் தேர்தலில் மேற்கு ஜேர்மனியின் பசுமைக் கட்சி, மற்றவர்கள் ஜேர்மனியைப் பற்றிப் பேசட்டும், நாங்கள் காலநிலையைப் பற்றிப் பேசுகிறோம் என்ற கருத்தில் சுவரொட்டி ஒட்டியது. புவி வெப்பமடைதலைப் பற்றி அவர்கள் சொன்னது சரியானது. ஆனால் மேற்கில் அவர்களுக்குக் கிடைத்தது 4.8 சதவீதம். பாராளுமன்றத்துக்கு வெளியே நின்றார்கள். கிழக்கில் குடியியல் உரிமைகளுக்காகவும் பேச்சுரிமைக்காகவும் போராடியவர்களின் கூட்டணி 8 ஆசனங்களைப் பெற்று உள்ளே போனது. 1993இல் இரண்டும் இணைந்தன. இன்றும் கட்சியின் பெயரில் அந்த 90 என்ற இலக்கம் நிற்கிறது.

ஒரு மக்கள் கூட்டம் தன் இருப்பைப் பற்றிய கேள்வியோடு நிற்கும்போது, அதை ஒதுக்கிவைத்துவிட்டு வானத்தைப் பற்றி மட்டும் பேசினால், சொல்வது உண்மையாக இருந்தாலும் காதில் விழாது. வன்னியில் பசுமையைப் பற்றிப் பேசுகிறவர் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரைக் கடந்து போய்ப் பேச முடியாது. மீளாத காணிகளைக் கடந்து போய்ப் பேச முடியாது. இங்கே மண்ணின் காயமும் மனிதரின் காயமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. முகமாலையில் கண்ணிவெடி அகற்றுவோர் முழங்காலில் இருந்து ஒவ்வொரு சாணாக மண்ணைத் தடவிப் பார்த்ததை ஏ9 வீதியால் போன எல்லோரும் கண்டிருக்கிறோம். அதைவிடப் பெரிய சூழல் பணி இந்த நாட்டில் நடந்ததில்லை. ஆளணிக் கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்தது 2017 டிசம்பரில். அதையும் நாம் பசுமை அரசியல் என்ற தலைப்பின்கீழ் எழுத வேண்டும்.

வர்த்தமானியில் வந்த பசுமை

இனி எங்கள் அயலவரின் கேள்விக்கு நேராக வருகிறேன்.

வன்னியில் பசுமை என்ற சொல் ஏன் பலருக்குக் கசக்கிறது? இடம்பெயர்ந்து 15, 20 வருடங்களுக்குப் பின் திரும்பி வந்தவர்கள் தங்கள் வயற்காணியில் பற்றையும் விண்ணாங்கும் வீரையும் நிற்பதைக் கண்டார்கள். வெட்டித் துப்புரவாக்கப் போனபோது, எல்லைக்கல் நட்டிருக்கிறது, இது காடு என்று சொல்லப்பட்டது. கிணறும் வீட்டு அத்திவாரமும் கோயில் மணிக்கூண்டும் உள்ளே இருக்கின்றன. ஆனாலும் வரைபடத்தில் அது வனம். நாங்கள் இல்லாத காலத்தில் வளர்ந்த காடு, நாங்கள் வந்த பிறகு எங்களுக்கு எதிராக நிற்கிறது. நந்திக்கடலும் நாயாறும் 2017இல் இயற்கை ஒதுக்கங்களாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. 1938 முதல் பறவைகள் சரணாலயமாக இருந்த சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. பறவைகளுக்கு இடம் வேண்டும் என்பதில் எனக்கு ஒரு துளி மாற்றுக்கருத்தும் இல்லை. ஆனால் அந்தக் களப்பில் தலைமுறையாக இறால் பிடித்தவரின் வீட்டுக்குப் போய், எந்த மாதம் எந்தப் பறவை எங்கே இறங்கும் என்று கேட்டு, அந்த அறிவோடு எல்லை வரைந்திருக்கலாமே? காவலராக நின்றிருக்க வேண்டியவரை அத்துமீறியவராக ஆக்கிவிட்டோம்.

இதன் உச்சத்தை 2021இல் நாடே கண்டது. மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை. நாடு முழுவதும் சேதனப் பசளைக்கு மாறும் என்றார்கள். மாட்டெருவும் குழையும் கொண்டு கமம் செய்த ஊர்கள்தான் நாங்கள்; சேதனப் பசளை எங்களுக்குப் புதிதில்லை. வவுனியாவில் சிறுநீரக நோயால் வாடும் குடும்பங்களைக் கண்டவர்களுக்கு, நஞ்சு குறைந்த கமம் வேண்டும் என்பதைச் சொல்லித்தர வேண்டியதுமில்லை. ஆனால் மண்ணைத் தேற்ற வருடங்கள் வேண்டும், எரு வேண்டும், பயிற்சி வேண்டும். எதுவும் இல்லாமல் உத்தரவு மட்டும் வந்தது. காலபோகப் பயிர் மஞ்சளித்தது. நவம்பரில் தடையை எடுத்தார்கள். அதற்குப் பின் இயற்கைக் கமம் என்று வாயெடுத்தாலே சனம் முகத்தைத் திருப்புகிறது. மேலேயிருந்து கொட்டப்பட்ட பசுமை, கீழேயிருந்து முளைக்க வேண்டிய பசுமையையும் கருக்கிவிட்டுப் போனது.

மன்னாரில் இன்னொரு பாடம். காற்றாலை தூய்மையான மின்சாரம் தரும், நிலக்கரியை எரிப்பதைவிட எவ்வளவோ மேல். தம்பபவனி என்ற 103.5 மெகாவாற் காற்றாலைத் தொகுதி 2020 டிசம்பரில் அங்கே திறக்கப்பட்டது. மன்னாரிலும் நம் பூநகரியிலுமாக 484 மெகாவாற்றுக்கு இந்திய நிறுவனம் ஒன்று போட்ட திட்டத்திலிருந்து அந்நிறுவனமே 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. அதே ஆண்டு ஓகஸ்டில் மன்னார் மக்கள் புதிய காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராகத் தெருவில் இறங்கினார்கள். மழைநீர் வடிந்தோடும் வழி அடைபடுகிறது, வலசை வரும் பறவைகள் பாதிக்கப்படுகின்றன, தீவே தாழ்ந்துபோகும் என்பது அவர்களின் அச்சம். சூழலியலாளர் காற்றாலையை எதிர்க்கலாமா என்று சிலர் கேட்டார்கள். வீல் ஊர்க்காரர்களும் மின்சாரத்தை எதிர்க்கவில்லை. எங்களைக் கேட்காமல் எங்கள் இடத்தில் ஏன் என்றுதான் கேட்டார்கள்.

நம்மிடம் இருந்த முன்னோடிகள்

இதையெல்லாம் ஜேர்மனியிடம்தான் படிக்க வேண்டுமா? இல்லை. கார்ல்ஸ்ரூவில் அவர்கள் நான்கு தூண்களை நட்ட அதே காலத்தில், வவுனியாவில் காந்தியம் இயங்கிக்கொண்டிருந்தது. கட்டடக் கலைஞரான சொ. அ. டேவிட் ஐயாவும் மருத்துவர் இராஜசுந்தரமும் 1970களின் பிற்பகுதியில் கட்டியெழுப்பிய அமைப்பு அது. 1977 வன்செயலில் மலையகத்திலிருந்து துரத்தப்பட்டு வந்த குடும்பங்களை இந்த மண்ணில் குடியேற்றி, காடு திருத்தி, கிணறு வெட்டி, முன்பள்ளி நடத்தி, ஊரைத் தன் காலில் நிற்கவைத்தார்கள். நிலம், நீதி, ஊராரின் முடிவு, அகிம்சை என அந்த நான்கு தூண்களும் அங்கே இருந்தன. 1983 ஏப்ரலில் இருவரும் கைதானார்கள். ஜூலை 27 அன்று வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். உயிர்தப்பிய டேவிட் ஐயா நெடுங்காலம் இந்தியாவில் இருந்துவிட்டு 2015இல் தாயகம் திரும்பி, அந்த ஆண்டே மறைந்தார். ஜேர்மனியின் பசுமைக் கட்சியினர் பட்ட மரக்கிளையோடு பாராளுமன்றத்துக்குள் நடந்த அதே 1983இல் எங்கள் முளை முறிக்கப்பட்டது. இந்த இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

ஆனாலும் வேர் சாகவில்லை. 2017 ஜனவரி 31 அன்று கேப்பாப்புலவு பிலக்குடியிருப்பில், தங்கள் காணியில் இருந்த விமானப்படை முகாமின் வாசலில் தாய்மாரும் பிள்ளைகளும் அமர்ந்தார்கள். பனியிலும் வெயிலிலும் ஒரு மாதம். மார்ச் 1 அன்று தங்கள் காணிக்குள் நடந்து போனார்கள். 2018 ஏப்ரல் 23 அன்று, 1992இல் இரணைதீவிலிருந்து பெயர்ந்த மக்கள், ஒரு வருடம் வீதியோரம் இருந்து கேட்டும் பதில் வராததால், வெள்ளைக்கொடி கட்டிய படகுகளில் ஏறித் தங்கள் தீவுக்குத் தாங்களே போய் இறங்கினார்கள். அங்கே அவர்கள் கேட்டது கடலட்டையும் நண்டும் நிறைந்த தங்கள் கடலை. வீல் காட்டில் நடந்ததற்கு இவை எந்த விதத்தில் குறைந்தவை?

அமைப்பாகவும் முயற்சிகள் வந்திருக்கின்றன. 2013 செப்டெம்பரில் தெரிவான வடக்கு மாகாண சபையில் விவசாய, சுற்றாடல் அமைச்சராக இருந்தவர், நீண்டகாலம் சூழலியல் எழுதிவந்த பொ. ஐங்கரநேசன். கார்த்திகையை மரநடுகை மாதமாக அந்தச் சபை கொண்டாடியது. பின்னர் அவர் தலைமையில் தமிழ்த் தேசியப் பசுமை இயக்கம் உருவானது. தேசியத்தையும் பசுமையையும் ஒரே பெயரில் சேர்த்து எழுதியதிலேயே, 1990இல் ஜேர்மன் கட்சி தவறவிட்ட பாடம் இருக்கிறது. பாக்கு நீரிணைக்கு அக்கரையில், கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்த இடிந்தகரை மீனவர்களோடு நின்ற சுப. உதயகுமாரன் பச்சைத் தமிழகம் கட்சியைத் தொடங்கியதும் இதே தடத்தில்தான். வாக்கு எண்ணிக்கையில் இவை சிறியவை. 1980இன் 1.5 சதவீதத்தை நினைவில் வைத்துக்கொள்வோம்.

சுற்றாடல் பாதுகாப்பு, 13ஆம் திருத்தத்தின்படி மாகாண சபை நிரலிலும் ஒருங்கிய நிரலிலும் உள்ள விடயம். ஆனால் 2018 ஒக்டோபரில் சபையின் ஆயுள் முடிந்த பின் தேர்தல் நடக்கவில்லை. அதிகாரம் தாளில் இருக்கிறது, அதைக் கையிலெடுக்கச் சபை இல்லை.

நமக்குள் இருக்கும் நியாயம்

மற்றவரைக் கேள்வி கேட்கும் வாயால் நம்மையும் கேட்க வேண்டும்.

இரணைமடு 1902இல் தொடங்கி ஏறத்தாழ 20 ஆண்டுகள் கட்டப்பட்ட குளம். 20,000 ஏக்கருக்கு மேற்பட்ட வயலுக்கு அதுவே தாய். அதிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது இங்கே கமக்காரர் எதிர்த்தார்கள். சிறுபோகத்துக்கே பங்குபோடும் தண்ணீரை எப்படித் தருவது என்று கேட்டார்கள். அங்கே கிணறுகள் உவராகி, நைத்திரேற்று மிகுந்து, தாய்மார் குழந்தைக்குக் கொடுக்க நல்ல தண்ணீர் தேடினார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. இருபக்கத்தாரும் ஒரே பாயில் இருந்து, குளத்தின் கணக்கையும் கிணற்றின் கணக்கையும் ஒன்றாக விரித்துப் பார்த்த நாட்கள்தான் மிகக் குறைவு. இறுதியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் தாளையடியில் திறக்கப்பட்டது, நாளுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவோடு. கேள்வி தீர்ந்ததா? மின்கட்டணமாகவும் வடமராட்சி கிழக்கு மீனவரின் கவலையாகவும் அது இடம்மாறியிருக்கிறது.

இன்னொன்று. கனகராயன் ஆற்றில் இரவில் மணல் அள்ள இறங்கும் டிப்பர்களை ஓட்டுவது யார்? முதிரையை அறுத்துக் கள்ளமாக ஏற்றுவது யார்? எல்லாவற்றுக்கும் வெளியாரைக் கைகாட்ட முடியாது. 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் தத்தளித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். குளத்தின் அலைகரைக்குள் வேலி போட்டவர்களும், வாய்க்காலை நிரவி மதில் கட்டியவர்களும் நம்மவர்கள்தான்.

மூன்றாவதாக, குளக்கூட்டத்தில் யார் இருக்கிறார்கள்? நான் சிறுவனாகப் போன கூட்டத்தில் பெண்கள் இருந்ததாக நினைவில்லை. போருக்குப் பின் எத்தனையோ குடும்பங்களைப் பெண்கள்தான் தாங்குகிறார்கள். குடியேற்றத் திட்டக் காணிகளில் பலவும் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வந்த உத்தரவுப்பத்திரக் காணிகள். அந்தச் சட்டம் வாரிசுரிமையில் ஆணை முன்னே வைத்தது. அது திருத்தப்பட்டது 2022இல்தான். காணி யார் பெயரிலோ, கமக்கார அமைப்பில் குரலும் அவர் பெயரில். 1986இல் ஜேர்மன் கட்சி எழுதிய விதியை நம் கமக்கார அமைப்புகள் எழுத யாருடைய அனுமதி வேண்டும்?

நான்காவதாக, தோழமை. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது உயர் நீதிமன்றத்துக்கு வழக்கைக் கொண்டுபோனவர் ரவீந்திர காரியவசம் என்ற தெற்கத்திச் சூழலியலாளர். 2019 ஏப்ரல் 4 அன்று, மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்ற கோட்பாட்டின்படி, பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபாய் செலுத்துமாறு மின் நிலைய நிறுவனத்துக்கு நீதிமன்றம் கட்டளையிட்டது. ரைன் நதியின் இருகரை போல இங்கும் கரைகளுக்கு இடையே கயிறு கட்டலாம். நம் உரிமைக் கேள்வியை ஒரு சொல்லும் குறைக்காமலே அதைச் செய்யலாம்.

ஆட்சி ஏறியபின்

ஜேர்மன் கட்சியை நான் தெய்வமாக்க வரவில்லை. 1998இல் அவர்கள் மத்திய ஆட்சியில் பங்காளியானார்கள். சூரிய ஒளிக்கும் காற்றுக்கும் வழிதிறந்த மின்சாரச் சட்டம் 2000இல் வந்தது. அணுமின் நிலையங்களைப் படிப்படியாக மூடும் சட்டம் 2002இல் வந்தது. இடையில் தடுமாறி, கடைசி மூன்று நிலையங்கள் 2023 ஏப்ரல் 15 அன்று மூடப்பட்டன. வீல் காட்டில் எழுந்த குரல் முழுதாக நிறைவேற ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

ஆனால் 1999இல், அவர்களின் யொஷ்கா பிஷர் வெளிநாட்டு அமைச்சராக இருந்தபோது, கொசோவோப் போரில் ஜேர்மன் விமானங்கள் பறந்தன. வன்முறையின்மை என்ற தூண் அன்று ஆடியது. 2023 ஜனவரியில் லுட்செராத் என்ற சிற்றூர் நிலக்கரிச் சுரங்கத்துக்காக இடிக்கப்பட்டபோது, அதற்கான உடன்பாட்டைச் செய்த ஆட்சியிலும் அவர்களே இருந்தார்கள். அங்கே சேற்றில் அமர்ந்திருந்த இளைஞர்கள், ஒருகாலத்தில் தங்களுக்காகவே பிறந்த கட்சியை நோக்கிக் குரல் எழுப்பினார்கள். ஊரை விட்டுக் கட்சி தூரம் போனால், கட்சியின் பெயரில் பசுமை இருந்தும் பயனில்லை. அதனால் கட்சி எப்போது தொடங்குவது என்ற கேள்வியை நான் பின்னுக்கு வைக்கிறேன். முதலில் ஊர் விழித்திருக்க வேண்டும்.

செய்யக்கூடியவை

இந்த அறக்கட்டளையின் அடுத்த ஆண்டுகளுக்கு மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு குளத்துக்கும் ஊரார் கையால் ஒரு வரைபடம். குளக்கட்டு, வான், துருசு, அலைகரை எல்லை, பெரிய மருதமரங்கள், யானை வரும் தடம், இடம்பெயருமுன் வயலாக இருந்த இடம் ஆகியவற்றை வயதானவர்கள் இருக்கும்போதே அவர்களைக் கேட்டு வரைய வேண்டும். முத்தையன்கட்டிலும் வவுனிக்குளத்திலும் பாவற்குளத்திலும் பாடசாலைப் பிள்ளைகள் இதைச் செய்யலாம். நாளை எல்லைக்கல்லோடு ஒருவர் வந்தால் நம் கையிலும் ஒரு தாள் இருக்கும். 2025 மார்ச்சில், வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோர வேண்டும் என்று வர்த்தமானி வந்தபோது எத்தனை வீடுகளில் தாள் தேடி அலைந்தோம்! எதிர்ப்புக்கும் வழக்குக்கும் பின் அது மீளப்பெறப்பட்டது. அந்த மூன்று மாத நடுக்கம் இன்னொரு முறை வேண்டாம்.

இரண்டாவது, ஒரு வாசிப்பு வட்டம். தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். அது பொதுமக்கள் பார்வைக்கு 30 நாள் வைக்கப்படும். அந்த 30 நாட்களில் நூலகத்தில் உட்கார்ந்து, பொறியியல் மாணவரும் கமக்காரரும் மீனவரும் ஆசிரியரும் சேர்ந்து வாசித்து, எங்கள் மொழியில் கேள்வி எழுதி அனுப்ப வேண்டும். வீல் காட்டின் பலகை வீட்டில் நடந்தது இதுதான். நமக்குப் பலகை வீடுகூடத் தேவையில்லை, நூலகங்கள் இருக்கின்றன.

மூன்றாவது, பிரதேச சபைக்கு வாக்குக் கேட்டு வருகிற எல்லாக் கட்சியினரிடமும், எங்கள் கட்சியினரிடமும் சேர்த்து, ஊர் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதி வைப்பது. மணல் எங்கிருந்து வருகிறது? குப்பை எங்கே போகிறது? வாய்க்காலை நிரவியவர் யார்? இவற்றுக்குப் பதில் இல்லாதவர் எந்த நிறக் கொடியோடு வந்தாலும் அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம், வாக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

ஐயா, படலையடியில் நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில். ஜேர்மன்காரனின் கட்சி நமக்கு வேண்டாம். அது பிறந்த இடம் எது என்று தெரிந்தால் போதும். மழையோ வெயிலோ தவறிவிடும் என்று பயந்த கமக்காரர்கள் ஓர் இடத்தில் கூடி, எங்களைக் கேளுங்கள் என்று சொன்ன இடம் அது. அப்படி ஓர் இடம் நம்மிடம் முன்பே இருக்கிறது.

அப்பாவின் கொப்பி இடப்பெயர்வில் எங்கோ போய்விட்டது. எந்த வயலுக்கு எந்த நாள் தண்ணீர் போனது என்ற அந்தக் கணக்கு இனிக் கிடைக்காது. ஆனால் அவர் என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக் கூட்டத்துக்குக் கொண்டுபோனதால்தான் இன்று இதைப் பேசுகிறேன். வருகிற சிறுபோகக் கூட்டத்துக்கு நாள் குறித்துச் சொல்வார்கள். அன்று உங்கள் வீட்டுப் பிள்ளையை, முக்கியமாகப் பெண்பிள்ளையை, கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு கொப்பியும் பேனையும் கொடுத்து முன்வரிசையில் இருத்துங்கள். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று அவள் எழுதத் தொடங்கட்டும்.